பின்சீட்டைத் தூக்கினால் பெரிய ரகசியம்!

உஷ்... யாரும் பேசாதீங்க, சாவியைத் திருப்பப் போறாங்க!

'டிக்' என்று எங்கோ ஒரு ரிலே தட்டுகிறது. அடுத்த நொடி பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'ங்ங்ங்ங்' என்று ஒரு முனகல். சுமார் இரண்டு விநாடி. அப்புறம் கப்சிப்.

"கேட்டுச்சா சார், கேட்டுச்சா?" என்று கண்ணை உருட்டுகிறார் மெக்கானிக் அண்ணன்.

கேட்டதே! எத்தனை காரில் ஏறி இறங்கியிருப்போம், என்றைக்காவது இந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்போமா? பெட்ரோல் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் முழுகியபடி, ஒரு கரண்ட் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளை உட்காரவைத்து முறுக்கு கொடுக்கிறோமே, அந்தச் சீட்டுக்குச் சரியாக ஒரு சாண் கீழே! முதல்முறை கேட்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது.

"பயப்படாதீங்க சார். டேங்குக்குள்ள ஆவி ஜாஸ்தி, காத்து கம்மி. பத்திக்கக் காத்து வேணும்ல?" என்கிறார் அண்ணன். உண்மைதான். காற்றில் பெட்ரோல் ஆவி நூற்றுக்குச் சுமார் ஒன்றரையிலிருந்து ஏழரை பங்குக்குள் இருந்தால்தான் தீப்பிடிக்கும். டேங்குக்குள் அதைவிட மிக அதிகமாக ஆவி அடைந்து கிடப்பதால் பொறி பறந்தாலும் பற்றாது. அதோடு, மோட்டார் சூடாகாமல் பார்த்துக்கொள்வதும் அந்தப் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிற புண்ணியவான்கள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கலாம்.

இடம், செஞ்சிப் பக்கம் தொண்டூர். வேப்பமரத்தடியில் தகரக் கூரை போட்ட பட்டறை. முன்னால் நிற்பது டிஎன் 32 போர்டு வைத்த 2002 மாடல் சான்ட்ரோ. வெள்ளை நிறம், அதாவது ஒரு காலத்தில். உரிமையாளர் மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரி. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இந்த வண்டியில்தான் நடையாய் நடக்கிறார். 15 வருஷம் முடிந்ததும் மறுபதிவு செய்து, பெற்ற பிள்ளையைப் போல வைத்திருக்கிறார். அவருடைய புகாரை அவர் வாயாலேயே கேளுங்கள்.

"காலைல ஜம்முனு போவுது மாப்ள. மத்தியானம் வெயில் ஏறிச்சுன்னா நடுரோட்டுல உக்காந்துக்குது. செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆவல. அரை மணி நேரம் வுட்டுட்டு வந்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது. ஊரே சிரிக்குது!"

வேறொரு ஊர்ப் பட்டறையில் 'பம்ப் போச்சு' என்று சொல்லி ஏற்கெனவே புதுப் பம்ப் மாட்டியாயிற்று. கொஞ்ச நாளில் அதே நோய். கழற்றிய பழைய பம்ப், தினத்தாள் சுற்றி, டிக்கியில் பத்திரமாக உறங்குகிறது. அதை எடுத்துத் தூக்கிப் பார்த்த அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பாவம் சார் இது. நம்ம ஊர்ல பம்ப் போச்சுன்னு தூக்கிப் போடுறதுல பாதி, நல்ல பம்ப்தான். குத்தம் பூரா வயர்ல இருக்கும்."

ஆகா, இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. அதற்குள் ஒரு சின்ன பிளாஷ்பேக்!

அம்பாசடர் காலத்தில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கேம்ஷாஃப்ட் சுற்றச் சுற்ற ஒரு நெம்புகோலைத் தள்ளும். உள்ளேயிருக்கும் டயாஃப்ரம் ஏறி இறங்கி, பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். வயர் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. சித்திரை வெயிலில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால், டிரைவர் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். வைத்தியம் அவ்வளவுதான். கரண்டில் ஓடிய பம்பும் அன்றைக்கே உண்டு. மோரிஸ் மைனரில் எஸ்.யூ. பம்ப். சாவி போட்டதும் 'டிக் டிக் டிக்' என்று தட்டும். கார்புரேட்டர் நிரம்பியதும் தானாகவே நின்றுவிடும். அதன் காண்டாக்ட் பாயின்ட் கருகினால் தட்டாது. அப்போது ஸ்பேனரால் பம்ப் தலையில் நாமே ஒரு தட்டுத் தட்ட வேண்டும், உயிர் வந்துவிடும்! அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

பிறகு காலம் மாறியது. 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் வந்தன. அடுத்தடுத்து விதிகள் இறுக இறுக, கார்புரேட்டர் போய், இன்ஜெக்டரால் பெட்ரோலைத் தூவும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. இன்ஜெக்டர் ஊசிமுனையில் பெட்ரோலைப் புகைபோலத் தூவ வேண்டுமென்றால் சுமார் 3 பார் அழுத்தம் தேவை. கார் டயரில் நாம் பிடிக்கிற காற்றைப் போல ஒன்றரை மடங்கு! கேம்ஷாஃப்ட் தள்ளும் டயாஃப்ரத்தால் அது ஆகிற காரியமில்லை. எனவே பம்ப் டேங்குக்குள் குதித்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோ அந்த அலையின் தொடக்கத்தில் வந்த வண்டி. நம் தமிழ்நாட்டுச் சரக்கு! கொஞ்சம் தள்ளி மாருதி 800-ம் அதே வழிக்கு வந்தது. அன்றைக்குப் புதுசாக இருந்த வயர்கள் இன்றைக்குக் கால் நூற்றாண்டுக் கிழங்கள். அதனால்தான் இந்த மாதிரிப் பட்டறைகளில் இப்போது இந்த நாடகம் அடிக்கடி ஓடுகிறது.

பிளாஷ்பேக் முடிந்தது. பின்சீட்டைத் தூக்கலாமா?

தூக்கினான் பட்டறைப் பையன். ஐயோ! சீட்டுக்கு அடியில் மல்லாட்டைத் தோல் குவியல்! கடித்துத் துப்பிய பஞ்சு, எலிப்புழுக்கை, ஒரு பாதி பீடி, ஐம்பது காசு நாணயம் ஒன்று.

"எலி! எலிதான்! வயர கடிச்சிட்டிருக்கு!" என்று வியாபாரி துள்ளிக் குதிக்கிறார். நானும் நோட்டில் 'எலி' என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டுவிட்டேன். சாட்சி இருக்கிறது, தடயம் இருக்கிறது, நோக்கமும் இருக்கிறது. இனி என்ன வேண்டும்? அண்ணன் மட்டும் அசரவில்லை. டார்ச்சைக் கடவாயில் கவ்விக்கொண்டு வயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் உருவிப் பார்த்தார். பல் பட்ட தடமே இல்லை. "பஞ்சு மட்டும் தின்னுருக்குது மாமா. இது நல்ல எலி." எலி விடுதலை.

வட்ட மூடியைத் திறந்தால் பம்பின் தலை. அதில் செருகிய கப்ளர், அதிலிருந்து புறப்படும் சில வயர்கள். பம்புக்குப் போகும் கரண்ட் ஒன்று, எர்த்து ஒன்று. மிச்சம் பெட்ரோல் முள் காட்டுவதற்கு. நான் குனிந்து பார்க்கப் போக, அண்ணன் என் சட்டைப்பையைத் தட்டிப் பார்க்கிறார். தீப்பெட்டி, லைட்டர் ஏதும் இருக்கிறதா என்று சோதனை! டேங்குக்குள் பற்றாது என்றவர்தான், வெளியே ஒரு சொட்டு கசிந்தாலும் கதை வேறு என்கிறார். பெட்ரோல் குழாயைக் கழற்றுகிற வேலை இருந்தால் பம்ப் ஃபியூஸை உருவிவிட்டு, இன்ஜினை அதுவாக ஓடி நிற்கவிட்டு, அழுத்தம் இறங்கிய பிறகுதான் கை வைப்பாராம். இன்றைக்கு அந்த வேலை இல்லை, வயர் விசாரணை மட்டுமே.

விசாரணை ஃபியூஸில் தொடங்கியது. கண்ணால் பார்ப்பதோடு விடவில்லை, உருவிக் காலைச் சுரண்டித் திரும்பச் செருகினார். அடுத்தது ரிலே. கரண்டைத் திறந்து மூடும் கதவு அது. அடிப்பக்கம் 30, 85, 86, 87 என்று எண்கள். 85-லும் 86-லும் கொஞ்சூண்டு கரண்ட் பாய்ந்தால் உள்ளே காந்தம் பிறக்கும்; அது இழுத்ததும் 30-க்கும் 87-க்கும் கதவு திறந்து பம்புக்குப் பெரிய கரண்ட் ஓடும். கதவைத் திறக்கச் சொல்வது வண்டியின் மூளையான ஈ.சி.யூ. சாவி போட்டதும் சுமார் இரண்டு விநாடி திறந்து, குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டு, மூடிவிடும். இன்ஜின் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் மறுபடி திறக்கும். விபத்தில் இன்ஜின் நின்றுபோனால் பம்பும் நின்றுவிட வேண்டும் இல்லையா? என்ன ஒரு முன்யோசனை! அந்த முனகல் ஏன் இரண்டே விநாடியில் நின்றது என்று இப்போது புரிகிறதா?

அண்ணன், அதே ரகத்தைச் சேர்ந்த ஹாரன் ரிலேயைக் கழற்றி இதில் மாட்டினார். இதிலிருந்ததை ஹாரனுக்கு மாட்டினார். 'பாம்ம்!' ஹாரன் கணீரென்று அடித்தது. ரிலேயும் விடுதலை. காசு செலவில்லாத சோதனை, வேடிக்கைக்கு வேடிக்கை!

இப்போது மீட்டர் வெளியே வந்தது. கப்ளரைக் கழற்றி, சாவியைப் போடச் சொல்லி, அந்த இரண்டு விநாடிக்குள் முனையில் வைத்துப் பார்த்தார். 12.4 வோல்ட்!

"அப்ப கரண்ட் சரியா வருது, பம்ப்தான் போச்சு!" என்றேன் நான், ஏதோ கண்டுபிடித்துவிட்ட மிதப்பில்.

பையன் களுக்கென்று சிரித்துவிட்டான். "அண்ணே, எல்லாரும் இங்கதாண்ணே வுழுவாங்க!"

இந்த ஓர் இடத்துக்காகவே இந்தக் கட்டுரை. மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் தப்பு. மீட்டர் தனக்கென்று இழுக்கும் கரண்ட் ஒன்றுமேயில்லை என்று சொல்லலாம். இருபது இழை இருக்க வேண்டிய வயரில் ஒரே ஒரு இழை தொங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டும். ஆனால் பம்ப் சுற்றினால் இழுப்பது சுமார் 5 ஆம்பியர். அந்த ஒற்றை இழையில் 5 ஆம்பியர் போய்ச் சேருமா? கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகுதானே சமையல்கட்டின் வண்டவாளம் தெரியும்! பம்ப் சுற்றும்போது அளந்தால் மட்டுமே வயரின் நிஜமான நிலை வெளிவரும்.

அதற்குத்தான் அண்ணன் கையில் இன்னோர் ஆயுதம்: பழைய பிரேக் லைட்டின் 21 வாட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்த டெஸ்ட் லேம்ப். கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியரை இழுத்துக்கொண்டு எரியும். கடையில் கிடைக்கிற எல்.இ.டி. பேனா டெஸ்டரை அவர் தொடுவதே இல்லை. வரும் துளிக் கரண்டிலும் அது பளிச்சென்று சிரிக்குமாம். ரிலேயை உருவிவிட்டு, 30-க்கும் 87-க்கும் நடுவே ஃபியூஸ் வைத்த ஒரு துண்டு வயரால் பாலம் போட்டு, பம்ப் முனையில் பல்பைக் கொடுத்தார். எரிந்தது, ஆனால் சோகையாக. காமாலைக்காரன் கண் நிறம். "பாத்தீங்களா? இந்த வெளக்கு சொல்லிடுச்சு."

ஆனாலும் அவருக்கு எண் வேண்டும். கப்ளரைத் திரும்பச் செருகி, வண்டியை நிழலிலிருந்து வெயிலுக்குத் தள்ளி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பாலத்தோடு பம்பை ஓடவிட்டார். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டார். "நோவு வர்ற நேரத்துலதான் நோவப் பாக்கணும் சார்." நாங்கள் டீ குடித்தோம். வியாபாரி மல்லாட்டை விலை பேசினார். வண்டிக்குள் அனல் ஏற ஏற, அந்த 'ங்ங்ங்' சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்குவது எனக்கே கேட்டது! பம்ப் களைத்துப் போகிறது! டீ கிளாஸோடு ஓடினேன்.

அடுத்தது கண்கொள்ளாக் காட்சி. அண்ணன் வயரின் தோலைக் குத்தவே மாட்டார். குத்திய ஓட்டையில் ஈரம் இறங்கி நாலு மாசத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். தையல் ஊசி ஒன்றை எடுத்து, கப்ளரின் பின்பக்கத்து ரப்பருக்கும் வயருக்கும் இடையில், பூ தொடுப்பதைப் போன்ற பதத்தில் நுழைத்தார். ஊசி நுனி உள்ளே உலோகத்தைத் தொட்டதும் லேசான ஒரு 'நற'. அதில் மீட்டர் முனை.

பேட்டரியில் 12.4. பம்ப் முனையில் 9.3!

நடுவில் 3.1 வோல்ட்டை யாரோ தின்றிருக்கிறார்கள். யார்? போகிற வழியிலா, திரும்புகிற வழியிலா? நீளமான வயர் ஒன்றைக் கோத்து, பேட்டரி மைனஸுக்கும் பம்பின் எர்த்துக்கும் நடுவே வைத்தார்: 0.2 தான். பொதுவாக முதல் குற்றவாளி எர்த்துதானாம். பாடியில் திருகிய திம்பிள் துருப்பிடித்திருக்கும். யாரும் அதைச் சந்தேகப்படவே மாட்டார்கள். இங்கே எர்த்து யோக்கியன். பேட்டரி பிளஸுக்கும் பம்பின் கரண்ட் வயருக்கும் நடுவே: 2.9! அகப்பட்டுக்கொண்டான், ஆனால் எந்த இடத்தில்? ரிலே வரை அளந்தால் இழப்பு ஏறக்குறைய இல்லை. ஆக, ரிலேக்கும் பின்சீட்டுக்கும் நடுவில், தரைவிரிப்புக்கு அடியில், டிரைவர் கதவோரம்.

கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டியைக் கழற்றினார்கள். கம்பளத்தை உரித்தார்கள். வியாபாரி, பையன், நான், வேடிக்கை பார்க்க வந்த பால்காரர் என நாலு தலை ஒரே கதவு வழியாக உள்ளே!

அங்கே இருந்தது... ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து வாலைப் போல இரண்டு வயர். அவை கம்பெனி வயரை நடுவில் வெட்டி, கையால் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பில் போய் முடிந்தன. டேப் உருகிப் பாகாய் வழிந்து, காய்ந்து, கருகிக் கிடந்தது. விரல் வைத்த பையன் 'ஸ்ஸ்' என்று கையை உதறினான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2.9 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் பதினாலரை வாட். சின்னச் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதில் பாதிக்கு மேற்பட்ட சூடு, வருஷக்கணக்காக, கம்பளத்துக்கு அடியில்!

"மாமா, இது இன்னா பொட்டி?"

வியாபாரி தலையைச் சொறிந்தார். யோசித்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. "அட, இது அலாரம்! வண்டி வாங்கின புதுசுல, திருட்டு பயம்னு ரிமோட் லாக்கோட மாட்டினது. ரிமோட்டு அந்த வருஷமே கெணத்துல வுழுந்துடுச்சு!"

திருடன் வந்தால் பம்புக்குப் போகும் கரண்டை வெட்டி வண்டியை நிறுத்த வேண்டும் என்பது அந்தப் பெட்டியின் திட்டம். அதற்காக அதற்குள்ளும் ஒரு ரிலே. ரிமோட் போய், அலாரம் மறந்துபோய், இத்தனை வருஷமாக அந்த ரிலே மட்டும் பம்பின் பாதையில் கதவாக நின்றுகொண்டே இருந்திருக்கிறது. வெயிலில் சூடேறும்போது முறுக்கு தளரும், வோல்ட் சரியும், பம்ப் தளரும், அழுத்தம் விழும், வண்டி உட்காரும். ஆறினால் முறுக்கு இறுகும், வண்டி ஓடும். எல்.பி.ஜி. கிட் மாட்டிய பழைய வண்டிகளிலும் இதே கூத்துதான் என்றார் அண்ணன். கேஸுக்கு மாறும்போது பெட்ரோல் பம்பை நிறுத்த ஒரு ரிலே வைப்பார்கள். கிட்டைக் கழற்றியவர்கள் அதைக் கழற்ற மறந்திருப்பார்கள்.

இந்தத் தொண்டூர்ப் பாறைக் குகையில், சமண முனிவர்களுக்காக வெட்டிய படுக்கையருகே, சுமார் 1,700 வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. இளங்காயிபன் சொல்ல, மோசி செய்தது என்று, செய்வித்தவர் பெயரும் செய்தவர் பெயரும் கல்லில் நிற்கின்றன. இந்த அலாரத்தை மாட்டிய மகராசன் ஒரு துண்டுச் சீட்டாவது ஒட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

வைத்தியம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பேட்டரி மைனஸைக் கழற்றினார்கள். கருகிய பகுதியைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி எறிந்து, அதே தடிமனில் புது வயரை நடுவே சேர்த்து, சால்டர் ஓடவிட்டு, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஸ்லீவைப் போட்டு மூடினார்கள். எர்த்துத் திம்பிளையும் சும்மா விடவில்லை. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினார்கள். திரும்ப அளந்தபோது பம்ப் முனையில் 12.1. சுருதியும் ஏறிவிட்டது, கேட்கவே ஜோர்! பழைய பம்பின் காயிலையும் மீட்டரில் பார்த்துவிட்டு, "கம்பி அறுந்து போவல மாமா. வெலைக்குப் போடாதீங்க, வெச்சிக்கிங்க" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நான் நோட்டை மூடப்போன நேரம். பையனுக்குக் கை சும்மா இருக்குமா? கழற்றிப் போட்ட அலாரப் பெட்டியை ஒரு பேட்டரியில் கொடுத்துப் பார்த்தான்.

'ஊய்ங் ஊய்ங் ஊய்ங்! பீ பீ பீ பீ!'

தெருவே திரண்டுவிட்டது. நாய்கள் பதில் கொடுத்தன. பால்காரரின் மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. வியாபாரி மட்டும் காணாமல் போன மகனைக் கண்டதுபோல அந்தப் பெட்டியை வாரி எடுத்தார்.

"மாப்ள, இன்னும் நல்லா வேல செய்யுதே! திரும்ப மாட்டிக் குடுத்துடு!"

அண்ணன் பதிலே பேசவில்லை. பெட்டியை மரியாதையாக வாங்கி, அதன் வயர்களைக் கட்டிங் பிளேயரால் ஒட்ட நறுக்கிவிட்டுத்தான் பில் எழுத உட்கார்ந்தார்.